ட்ரூ ரொமான்ஸ் - இன்னொரு முடிவு

முடிவைப் பத்திதான் எழுதப் போறேன். படம் பார்க்காதவங்க இப்படியே எஸ்கேப் ஆயிடுங்க!

1993ல வந்த படம். கதை டாரன்டினோ, இயக்கம் டோனி ஸ்காட். தியேட்டரில் சரியா ஓடலை. நான் பார்த்தது 2002ல் வந்த ரெண்டு டிஸ்க் டிவிடியில். கடைசித் துப்பாக்கிச் சண்டையில் கிளாரன்ஸுக்கு ஒரு கண் போகுது. ஆனாலும் பிழைச்சு, மெக்சிகோ கடற்கரையில் அலபாமாவோட சந்தோஷமா இருக்கான். இவ்ளோ ரத்தத்துக்கு அப்புறம் இப்படி ஒரு சினிமாத்தனமான்னு சலிச்சுக்கிட்டேன்.

டிவிடியிலயே இன்னொரு முடிவும் இருந்துச்சு. டாரன்டினோ எழுதினது. கிளாரன்ஸ் செத்துடறான், அலபாமா தனியா கார் ஓட்டிட்டுப் போறா. நான் கேட்ட யதார்த்தம் இதுதானே? பார்க்க முடியலைங்க. "அவனை எதுக்குங்க சாகடிக்கணும்?"னு பக்கத்தில் வீட்டம்மா வேற.

ஸ்காட் ரெண்டையும் படமாக்கியிருக்கார். ஆனா இந்த ஜோடியைப் பிரிக்க அவருக்கே மனசு வரலையாம். அவர் எடுத்த விதத்துக்கு அவரோட முடிவுதான் சரின்னு டாரன்டினோவே டிவிடி கமெண்ட்ரியில் ஒத்துக்கறார். அப்புறம் நான் எம்மாத்திரம்!

திரும்பவும் கடற்கரைக் காட்சியைப் போட்டேன். ஒத்தைக் கண்ணோட கிளாரன்ஸ் மகன்கூட விளையாடறான். பையன் பேரு எல்விஸ்.