சுமாரான ஒரு பாலே

ஒரு படைப்பு மகத்தானதா, இல்லையா என்பது ஒரு கேள்வி. அது மனிதர்களுக்கு என்னவாக இருக்கிறது என்பது வேறு கேள்வி. நம் விமர்சனம் பெரும்பாலும் முதல் கேள்வியோடு ஓய்ந்துவிடுகிறது. இரண்டாவதைப் பற்றி என்னை யோசிக்க வைத்தது சைகோவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' பாலே.

1892 டிசம்பரில் பீட்டர்ஸ்பர்க்கின் மரீன்ஸ்கி அரங்கில், 'அயோலாந்தா' என்ற ஓபராவோடு சேர்த்து ஒரே மாலையில் அது முதலில் மேடையேறியது. திட்டம் வகுத்த பெதிபா நோயுற்றதால் அவருடைய உதவியாளர் இவானோவ் நடனங்களை அமைத்தார். ஹாஃப்மன் 1816-இல் எழுதிய இருண்ட கதை, டூமாவின் கையில் மென்மையாகி, பாலேயில் இன்னும் இனித்துப்போயிற்று. கிறிஸ்துமஸ் இரவில் ஒரு சிறுமிக்கு, பாக்குவெட்டி போலக் கொட்டை உடைக்கும் பொம்மை ஒன்று பரிசாகக் கிடைக்கிறது. எலிப்படையோடு சண்டை. பொம்மை இளவரசனாகிறது. பிறகு இருவரும் இனிப்புகளின் நாட்டுக்குப் போகிறார்கள். அங்கே எதுவும் நடப்பதில்லை, நடனத்துக்குப் பின் நடனம் வருகிறது, அவ்வளவுதான். மேடையில் குழந்தைகள் அதிகம், பிரதான நர்த்தகி வெகு தாமதமாக வருகிறாள் என்று அன்றைய விமர்சகர்கள் குறைப்பட்டார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை. மறு வருஷம் சைகோவ்ஸ்கி இறந்துபோனார்.

அதற்கு இரண்டாவது வாழ்வு அமெரிக்காவில் கிடைத்தது. 1944-இல் சான்பிரான்சிஸ்கோ. 1954-இல் நியூயார்க்கில் பலான்சின். சிறுவனாக மரீன்ஸ்கியில் இதே பாலேயில் ஆடியவர் அவர். இன்று டிசம்பர் வந்தால் அங்கே அநேகமாக ஒவ்வொரு நகரத்திலும் இது நடக்கிறது. வருஷத்தின் மற்ற மாதங்களில் காலி நாற்காலிகளுக்கு முன் ஆடப்படும் நவீன நடனங்களுக்கான பணம் பல குழுக்களுக்கு இந்த எலிகளிடமிருந்துதான் வருகிறது. சோதனைக் கலையைப் பற்றிப் பேசும் நாம் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்வது நல்லது.

நான் சில வருஷங்கள் இருந்த அமெரிக்கச் சிற்றூரில், பக்கத்து வீட்டுப் பெண் ஏழு வயதில் எலியாக ஆடினாள். பிறகு சிப்பாய். பதினைந்தில் பனித்துகள்களில் ஒருத்தி. அதோடு நடனத்தை விட்டுவிட்டாள். அவள் அம்மா மட்டும் விடவில்லை. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அந்த நடனப் பள்ளியின் உடைகள் அவள் மேஜைக்கு வந்துவிடும். ஒருநாள் ஓர் எலியின் சட்டையைப் பிரித்துக் காட்டினாள். கழுத்துக்கு உள்புறம் தைத்திருந்த துணிப்பட்டையில், அதை அணிந்த குழந்தைகளின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக மையில் எழுதியிருந்தன. மேலே சில மங்கிப்போயிருந்தன. அவள் மகளின் பெயர் நடுவில் இருந்தது. 2020-இல் அரங்குகள் மூடிக்கிடந்தபோதும் அவள் அந்தச் சட்டைகளின் கிழிசல்களைத் தைத்துக்கொண்டிருந்தாள். யாரும் கேட்கவில்லை. இந்தப் பாலே நல்லதா என்று அந்த வீட்டில் பேச்சு வந்து நான் கேட்டதில்லை. தீபாவளி நல்ல பண்டிகையா என்று நாம் கேட்டுக்கொள்கிறோமா என்ன?

ஆனால் சடங்கு குருடும் கூட. சீன நடனத்தில் விரலை நீட்டித் தலையாட்டும் கேலிச் சேஷ்டைகள் பல தலைமுறை அப்படியே கடத்தப்பட்டன. நியூயார்க் குழு அவற்றை மாற்றியது 2017-இல்தான். பழக்கம் தானாகத் திருந்தாது. விமர்சனத்துக்கு இங்கே வேலை இருக்கிறது.

இன்னொரு வேலையும் உண்டு. இந்தப் பாலேக்கு இசை எழுதிக்கொண்டிருந்த 1891-இல், பாரிஸில் வைத்து, சைகோவ்ஸ்கிக்குத் தன் தங்கை இறந்த செய்தி தெரியவந்தது. இரண்டாம் அங்கத்தில் இளவரசனும் தேவதையும் ஆடும் நீண்ட நடனத்தின் மெட்டு, மேலிருந்து கீழே படிப்படியாக இறங்கும் வெறும் ஸ்வர வரிசை. வேறொன்றுமில்லை. இனிப்புக் கடைக்கு நடுவில் அத்தனை துக்கம் எப்படி வந்தது என்று கேட்கும்போதெல்லாம் திகைப்பாக இருக்கிறது. எலிச்சட்டையோடு திரைக்குப் பின்னால் நின்ற குழந்தைகள் வருஷா வருஷம் அதைக் கேட்டிருப்பார்கள். என்ன கேட்கிறோம் என்று தெரியாமலே கேட்டிருப்பார்கள்.

நல்ல படைப்பு தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் என்று நாம் நம்பிவந்திருக்கிறோம். எனக்கு இப்போது அந்த நம்பிக்கை இல்லை. யாரோ உட்கார்ந்து தைக்கவேண்டியிருக்கிறது. அவர்களை ரசனையற்றவர்கள் என்று ஒதுக்கிவிட்டால், அந்த இறங்கும் ஸ்வரங்களும் நமக்கு வந்து சேராது.