ஊற்றுக்கண்

யாழ்தேவி கொடிகாமம் தாண்டிக்கொண்டிருந்தது. எதிர் இருக்கைச் சிங்கள அம்மா தலையைச் சாய்த்து, "கன ரிதெனவா" என்று மகளிடம் முனகினார். பெரியம்மாவுக்கு முதற்சொல் மட்டும் பிடிபட்டது. உடனே கைப்பையைத் திறந்து தன் சொட்டு மருந்தை எடுத்துவிட்டார். "பாவம் பிள்ளை, அவவுக்குக் கண் நோகுதாம். ரெண்டு துளி விடச் சொல்லு."

அந்த அம்மா செவியைப் பொத்திக் காட்டினார். சிங்களத்தில் 'கன' என்றால் காது. வடமொழிக் 'கர்ணம்' பாளியில் 'கண்ண' ஆகி, அங்கிருந்து 'கன' ஆகியிருக்கிறது. நோவு குறையாவிட்டாலும் அவர் சிரித்தார். பெரியம்மாவின் மூக்கைச் சுட்டி "கண்ணாடிய" என்றார். பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அது தமிழிலிருந்து சிங்களத்துக்குப் போன சொல். கண்ணுக்கு வடமொழி 'அக்ஷி' வழிவந்த சொல்லை வைத்திருக்கும் மொழி, கண்ணாடியை எங்களிடம் வாங்கும்போது எங்கள் கண்ணையும் சேர்த்தே கொண்டுபோயிருக்கிறது.

பெரியம்மாவின் வலக்கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. ஒப்பரேசனுக்கு முன் ஒருக்கால் ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்று நின்றார். 1990இல் தெல்லிப்பழையை விட்டு வெளிக்கிட்டவர். காங்கேசன்துறை வரைக்கும் ரயில் மறுபடி ஓடத் தொடங்கியதே 2015இல்தான். தெல்லிப்பழை நிலையத்தில் இறங்கியதும் செருப்பைக் கழற்றிச் செம்மண்ணில் சற்று நேரம் நின்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஓட்டோ யூனியன் கல்லூரிப் பக்கமாகப் போனது. அமெரிக்க மிஷனரி டானியல் பூவர் 1816இல் இங்கே தொடங்கிய பள்ளிக்கூடம்தான் அதன் வேர். அந்த ஆண்டைக் கேட்டாலே எனக்கு இன்னொருவர் நினைவு வரும். அதே 1816இல் சென்னையில் எல்லிஸ் என்ற அதிகாரி, காம்ப்பெல் எழுதிய தெலுங்கு இலக்கண நூலுக்கு ஒரு முன்குறிப்பு எழுதினார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழியிலிருந்து பிறந்தவையல்ல, தமக்குள் ஒரே குடும்பம் என்று அதில் காட்டினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வர இன்னும் நாற்பது ஆண்டு இருந்தது. பக்கத்து உடுவிலில் பணியாற்றிய வின்சுலோவின் தமிழ் அகராதி 1862இல் வந்தது.

உறவுக்குச் சாட்சி தேடுகிறவர்கள் முதலில் உடம்பைத்தான் பார்ப்பார்கள். சந்தைப் பொருளின் பெயர் கப்பலேறி வரும், போகும். கண், பல், கை என்பவற்றின் பெயர்களை ஒரு மொழி இலேசில் விடாது. 'கண்' அப்படிப்பட்ட சொல். மலையாளத்திலும் கன்னடத்திலும் துளுவிலும் 'கண்ணு'. தெலுங்கில் 'கன்னு'. நீலகிரித் தோடர் வாயில் அது 'கொண்' என்று உருண்டிருக்கிறது. நடு இந்தியாவில் கோண்டியர் 'கன்' என்கிறார்கள், குயி மொழியில் 'கனு'. சோட்டா நாகபுரியின் குடுக்கு மொழியில் முதலெழுத்து தொண்டைக்குள் இறங்கி உரசலாகிறது. அதே உரசலோடு, பலூசிஸ்தானத்தின் பிராகூயியும் கண்ணைக் 'ஃகன்' என்கிறது. ஒரு பிராகூயி ஆட்டிடையரும் பெரியம்மாவும் சந்தித்தால் வேறெதுவும் விளங்காது. கண்ணைத் தொட்டுச் சொன்னால் மட்டும் இருவரும் ஒரு கணம் திகைத்து நிற்பார்கள். அந்தச் சந்திப்பை நான் பலமுறை கற்பனை செய்திருக்கிறேன்.

மாவிட்டபுரம் தாண்டும்போது பெரியம்மா கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "மாருதப்புரவல்லீன்ர குதிரை முகமே கீரிமலைத் தண்ணியில மாறினது. என்ர கண் என்ன பெரிய காரியமே?" வைத்தியர் குறித்த திகதியை மாற்றக்கூடாது என்று மட்டும் சொன்னேன். "அது மாத்த மாட்டன்" என்றார்.

கீரிமலையில் கடல் கைக்கெட்டும் தூரத்தில் உப்பாய் அடித்துக்கொண்டிருக்க, கேணியில் நன்னீர். மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, நிலத்தடியில் நடந்து, கரையோரத்தில் மேலே வருகிறது. பெண்களின் கேணிப் படியில் என் தோளைப் பிடித்தபடி பெரியம்மா காலை நனைத்தார். "எங்கயோ அடியில ஊத்துக்கண் கிடக்கு பிள்ளை. குளிர் அங்கயிருந்துதான் வருது."

ஊற்றுக்கண். மலாயிலும் ஊற்றுக்குப் பெயர் 'மாத்தா ஆயர்', நீரின் கண். சூரியன் 'மாத்தா ஹாரி', பகலின் கண். அந்த 'மாத்தா'வுக்கும் கடல் நிறையச் சொந்தம் இருக்கிறது. பிலிப்பைன்சின் தகாலோக்கு, செபுவானோ, இலோக்கானோ மூன்றிலும் கண் 'மாத்தா'தான். மேற்கே மடகாஸ்கரில் 'மாசு', கிழக்கே ஹவாயில் 'மாக்கா'. எங்கள் குடும்பம் வேறு, அவர்கள் குடும்பம் வேறு. ஆனால் நிலத்தில் நீர் கசியும் இடத்தைக் கண்டதும் இரு பக்கத்தாருக்கும் கண்தான் நினைவுக்கு வந்திருக்கிறது. தேங்காய்க்கும் நுங்குக்கும் கண் வைத்தவர்கள் நாங்கள், எனக்கு இதில் வியப்பைவிட மகிழ்ச்சிதான் அதிகம்.

பெரியம்மா கண்ணாடியைக் கழற்றி என்னிடம் தந்தார். இரண்டு கையாலும் தண்ணீரை ஏந்தி, வெள்ளை படர்ந்த கண்ணை மெல்ல ஒற்றினார். பிறகு ஈரக்கையோடு கண்ணாடிக்காகக் கையை நீட்டி, "அந்தச் சிங்கள அம்மாவுக்குக் காதுக்குத்து நிண்டிருக்குமோ?" என்று கேட்டார்.