தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி

எங்கள் தெருவில் மனு எழுதுகிறவள் நான்தான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வந்த பழக்கம். மண்டபத்தூர் கடற்கரையில் குப்பத்துச் சனங்களின் படகும் வலையும் போனது கண்ணுக்குத் தெரிந்தது. எங்கள் சனங்களுக்குப் போனது கூலி. நடவுக்கும் கருவாட்டு வேலைக்கும் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு வேலை நின்றதை எந்தப் பட்டியலில் எழுதுவது? பத்தாவது படித்துக்கொண்டிருந்த என்னிடம் வெள்ளைத்தாளோடு வந்தார்கள். ‘உயர்திரு ஐயா அவர்களுக்கு’ என்று தொடங்கி ‘பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடிக்கக் கை பழகிப்போனது.

அதனால் 2006இல், பிளஸ் டூ தொடக்கத்தில், பிரேயரில் தலைமையாசிரியர், "மாணவர் தலைவராக விரும்புறவங்க விண்ணப்பம் எழுதி வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுங்க" என்று சொன்னது எனக்குப் பெரிய காரியமாகப் படவில்லை. ஊருக்கெல்லாம் எழுதுகிற கை தனக்கு ஒன்று எழுதாதா? பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். பஸ் ஏறிப் போய்ப் படித்த பள்ளி.

மாணவர் தலைவருக்கு என்ன வேலை? காலையில் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று "ஸ்கூல், அட்டென்ஷன்!" என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரலுக்கு மொத்தப் பள்ளியும் காலைச் சேர்த்து விறைப்பாக நிற்கும். உறுதிமொழியை ஒவ்வொரு வரியாகச் சொன்னால் திருப்பிச் சொல்லும். லேட்டாக வருகிறவனை வெளியே நிறுத்திப் பேர் எழுதலாம். விஷயம் இங்கேதான் இருக்கிறது. சேரிப்பிள்ளை நல்ல மார்க் எடுத்தால் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கினால் கைகூடத் தட்டுவார்கள். அதன் வாய்ச்சொல்லுக்கு ஊர்த்தெருப் பிள்ளை நின்ற இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும் என்றால் அது வேறு கதை.

அந்த வருசம்தான் புதுச்சேரிப் பிரதேசத்தில் உள்ளாட்சித் தேர்தலும் வந்தது. 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து. தெருவெல்லாம் கொம்யூன் பஞ்சாயத்து, வேட்புமனு, ரிசர்வ் வார்டு என்றே பேச்சு. அம்மாவிடம் என் விண்ணப்பத்தைப் பற்றிச் சொன்னேன்.

"எதுக்குடி பாப்பா பொல்லாப்பு? போனமா, படிச்சமான்னு வா. மேலவளவுல என்னா ஆச்சு?"

அம்மாவுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. ஆனால் ஜூன் 30க்கு எங்கள் தெருமுனையில் ஒட்டும் சுவரொட்டி மனப்பாடம். மதுரை மாவட்டத்து மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. மனுப்போட்டவர்களை மிரட்டி வாபஸ் வாங்க வைத்தார்கள். கடைசியில் தேர்தலில் நின்று ஜெயித்த முருகேசனையும் உடன் வந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் மனுப்போட ஆளில்லாமலும், ஜெயித்தவர் வந்த கையோடு ராஜினாமா செய்தும் பத்து ஆண்டுகள் ஓடின. 2006 அக்டோபரில்தான் அங்கே தேர்தல் ஒழுங்காக நடந்து முடிந்தது. நாற்காலி பெரிசோ சின்னதோ, கேட்பதுதான் குற்றம் என்பது அம்மாவின் கணக்கு. அது தப்புக் கணக்கு என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனாலும் எழுதினேன். முழுத்தாளில் ஒரு பக்கம். கடைசி வரி, லீவ் லெட்டரில் எழுதுகிற அதே வரி: ‘இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி.’ தலைமை கேட்டு எழுதும் தாளின் அடியில் கீழ்ப்படிதல்! அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வகுப்பாசிரியர் திட்டவில்லை. அன்பாகத்தான் பேசினார். "நீ நல்லாப் படிக்கிற புள்ளம்மா. பப்ளிக் எக்சாம் வருசம். இதெல்லாம் உனக்கு இடைஞ்சல். அதோட குரலும் பத்தாது." மைக் இல்லாமல் பேசிப் பரிசு வாங்கிய குரல் அது. அடுத்த வாரம் தலைவராக அறிவிக்கப்பட்ட பையனும் அதே பிளஸ் டூ, அதே பப்ளிக் எக்சாம். என் பேரும் வாசிக்கப்பட்டது: சுகாதாரத் தலைவி.

மேற்கொண்டு சொல்லவே வேண்டாம், உங்களுக்குத் தெரியும். யார் என்றைக்குப் பெருக்குவது, யார் கக்கூஸுக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று முறை போட்டு எழுதி ஒட்டினேன். "எங்க வூட்ல திட்டுவாங்க" என்று ஊர்த்தெருப் பெண்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். எங்கள் தெருவிலிருந்து வந்த மூன்று பேர் கையில் துடைப்பம் நின்றது. முறையிட்டபோது ஆசிரியர், "தலைவின்னா முன்மாதிரியா இருக்கணும்" என்றார். இருந்தேன். பதினேழு நாள்.

பதினெட்டாவது நாள் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். கேட்காதே என்று சொன்ன அதே அம்மா. நடவிலிருந்து நேராக, சேற்றுக்காலோடு. என் கையில் ப்ளீச்சிங் பவுடர் நெடி அடித்ததை முந்தின ராத்திரி சோறு போடும்போது கண்டுபிடித்திருந்தாள். "தொடப்பம் புடிக்கத்தான்னா எம் புள்ள எதுக்குங்க சார் பஸ்ஸு ஏறி வரணும்? அது எங்க வூட்லயே கெடக்கே" என்றாள். என் சட்டையில் குத்தியிருந்த பேட்ஜை அவளே கழற்றி மேசைமேல் வைத்தாள். குரல் பத்தாது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

எம்.ஏ. படிக்கும்போது இரட்டைமலை சீனிவாசனின் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ வாசித்தேன். 1939இல் வந்தது. கோயம்புத்தூர்க் கல்லூரியில் நானூறு மாணவர்களில் பத்துப் பேர் நீங்கலாக எல்லோரும் பிராமணர்கள். சாதி தெரிந்துவிடுமோ என்று அஞ்சி விளையாட்டில் சேராமல் தனியே இருப்பாராம். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவாராம். அவர்தான் பிறகு அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தார். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அந்த மணிச்சத்தத்தையே வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2023 ஆகஸ்ட் 9 அன்று நாங்குநேரியில் ஒரு தலித் மாணவன், தன்னைத் தொந்தரவு செய்த சக மாணவர்களைப் பற்றிப் பள்ளியில் சொன்ன அன்றிரவே வீடு புகுந்து வெட்டப்பட்டான். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துருவின் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்களை அகரவரிசையில் உட்காரவைக்க வேண்டும், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டுக்கு எழுதிய அறிக்கை. காரைக்காலுக்கும் பொருந்தும். மாணவத் தோழர்கள் அதைத் தேடி வாசிக்க வேண்டும். வாசித்த பிறகு, தாங்கள் படித்த பள்ளியில் ‘அட்டென்ஷன்’ யார் சொன்னார்கள், துடைப்பம் யாரிடம் இருந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

என் விண்ணப்பம் இன்னும் என்னிடம் இருக்கிறது. டி.சி. வாங்கப் போன அன்று வகுப்பாசிரியர் பழைய காகிதங்களோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார். நான் எழுதிய காரணங்களுக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பும் கிடையாது. கடைசி வரியில் மட்டும் ‘கீழ்படிதல்’ என்று எழுதியிருந்தேன்போல. நடுவில் ஒரு ‘ப்’ போட்டு, சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறார்.