உறைபனிக்குப் பயந்து தண்ணீர் டேங்கில் கூலன்ட் ஊற்றலாமா? ஒரு நீண்ட இழை

1/ போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்குக் கொட்டச்சேட்டிலிருந்து நண்பன் போன். "டேய், வெளியே ஒண்ணுமே தெரியல, எல்லாம் வெள்ளையா இருக்கு. டேங்க் தண்ணி உறைஞ்சிருமாடா?" நான் சிரித்துவிட்டேன். ஆனால் அன்று மத்தியானத்துக்குள் சிரிப்பு போய்விட்டது. ஏன் என்பதுதான் இந்த இழை. வீட்டில் கார், பைக், சின்னக் குழந்தை மூன்றும் இருப்பவர்கள் கடைசி வரை படியுங்கள்.

2/ முன்கதை சுருக்கமாக. நண்பன் இன்ஜினியர். பழைய வேன் ஒன்றை வாங்கி உள்ளே கட்டில், சின்ன அடுப்பு, கை கழுவும் தொட்டி, 60 லிட்டர் தண்ணீர் டேங்க், 12 வோல்ட் பம்ப் எல்லாம் வைத்து வீடு மாதிரி ஆக்கிவிட்டான். மனைவி, ஆறு வயது மகளோடு முதல் பயணம். குப்பனூர் பாதையில் ஏறி, கொட்டச்சேட்டில் தெரிந்தவரின் காபித் தோட்டத்தில் இரண்டு நாள். அடுத்து ஊட்டி. கோடை வந்தால் லடாக். எனக்கு அன்று டூட்டி இல்லை. நானும் கிளம்பி மேலே போனேன்.

3/ முதலில் அவனுடைய கேள்விக்குப் பதில். தமிழில் ஒரே 'பனி' என்ற சொல்லில் நாலைந்து விஷயங்களைச் சொல்லிவிடுகிறோம். புல்லின் மேல் நீர்த்துளியாக நிற்பதும் பனி. எதிரே வரும் பஸ்ஸை மறைப்பதும் பனி. இமயமலையில் கொட்டுவதும் பனி. சேர்வராயன் மலையில் மார்கழி, தையில் நாம் பார்ப்பது பனிமூட்டம், அதாவது தரையில் இறங்கி நிற்கிற மேகம். குளிர் பத்து டிகிரியை ஒட்டி இறங்கும், பல் கிடுகிடுக்கும். ஆனால் தண்ணீர் உறைய பூஜ்ஜியம் வேண்டும். கொட்டச்சேட்டில் குழாய் உறையாது.

4/ ஊட்டி வேறு கதை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். காந்தல், தலைகுந்தா மாதிரி தாழ்வான இடங்களில் கனத்த குளிர்காற்று வந்து தங்கும். காலையில் புல்வெளி உப்பு தூவினது போல இருக்கும். அதுதான் உறைபனி. தாவரவியல் பூங்காவில் செடிகள் கருகாமல் இருக்க கோத்தகிரி மிலார் போட்டு மூடுவார்கள். ஆக, நண்பனின் பயம் நியாயமான பயம்தான். இடம்தான் தப்பு.

5/ உறைந்தால் என்ன ஆகும்? தண்ணீர் ஐஸ் ஆகும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும். கண்ணாடி பாட்டிலை ஃப்ரீசரில் மறந்து வைத்து உடைந்ததைப் பார்த்திருப்பீர்கள். அதேதான். 60 லிட்டர் டேங்க் சீக்கிரம் உறையாது. முதலில் மாட்டுவது மெல்லிய குழாய், பம்ப், ஃபில்டர் கூடு, வால்வு. விரிசல் அன்று தெரியாது. வெயில் வந்து ஐஸ் உருகிய பிறகுதான் ஒழுகும்.

6/ இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வேனுக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். சீட்டுக்கு அடியில் ஆறு கேன், உள்ளே பச்சை நிறத் திரவம். "இது என்னடா?" என்றேன். "கூலன்ட். ஊட்டி ஏறுறதுக்கு முன்னாடி டேங்க்ல ஊத்திருவேன். பத்து பர்சென்ட் போட்டா மைனஸ் மூணு வரைக்கும் உறையாது. கணக்கு போட்டுட்டேன். நீதானே சொன்ன?"

7/ நான் சொன்னேனா? ஆமாம், சொன்னேன். ஒரு மாதம் முன்பு போனில் கேட்டிருக்கிறான். ஓ.பி. கூட்டத்துக்கு நடுவில், எப்போதோ யூடியூபில் பார்த்த ஞாபகத்தில், "வெளிநாட்டுல ஆன்டிஃப்ரீஸ் ஊத்துவாங்கடா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். எந்த ஆன்டிஃப்ரீஸ் என்று சொல்லவில்லை. ஒரு டாக்டர் வாயிலிருந்து வந்த அரைகுறை வாக்கியம். அவன் அதை நம்பிக் கடைக்குப் போய் ரேடியேட்டரில் ஊற்றுகிற சமாச்சாரத்தை வாங்கிவிட்டான்.

8/ "குடிக்கத்தான் தனியா கேன் தண்ணி இருக்கே. டேங்க் தண்ணி கை கழுவ, பாத்திரம் கழுவத்தான்" என்றான். அவன் சொல்லி வாய் மூடவில்லை. பாப்பா பிரஷ்ஷோடு வந்தாள், தொட்டிக் குழாயைத் திறந்தாள், வாய் கொப்பளித்தாள். அப்புறம் கையைக் குவித்து இரண்டு வாய் குடித்துவிட்டு, "மாமா, குரங்கு பாக்கப் போலாமா?" என்றாள். அன்று டேங்கில் இருந்தது நல்ல தண்ணீர். மறுநாள் என்றால்?

9/ அவன் மனைவி ஒன்றும் பேசவில்லை. "அண்ணா, கொதிக்க வெச்சா சரியாகிடுமா?" என்று மட்டும் கேட்டார். ஆகாது. கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் முதலில் ஆவியாகும், விஷம் தங்கிவிடும். கிருமிக்கு வைக்கிற வைத்தியம் ரசாயனத்துக்கு உதவாது.

10/ பெரும்பாலான ரேடியேட்டர் கூலன்ட்களில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். லேசாக இனிக்கும், அதுதான் ஆபத்து. பாடப்புத்தகத்தில் உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.4 மி.லி. உயிரைப் பறிக்கக்கூடிய அளவு என்று இருக்கும். அதற்குக் குறைவாகப் போனாலும் சிறுநீரகம் பாதிக்கலாம். இப்போது நண்பனின் கணக்கை எடுங்கள். 54 லிட்டர் தண்ணீரில் 6 லிட்டர் என்றால் 200 மி.லி. டம்ளரில் 20 மி.லி. விஷம். 20 கிலோ குழந்தைக்கு 28 மி.லி. போதும். ஒன்றரை டம்ளர். உறைபனிக்கு அவன் போட்ட கணக்கு சரிதான். நான் போட்ட இந்தக் கணக்கை அவன் போடவில்லை, அவ்வளவுதான்.

11/ உடம்புக்குள் என்ன நடக்கும்? எத்திலீன் கிளைக்காலை நம் கல்லீரலே அமிலமாக மாற்றுகிறது. கடைசியில் ஆக்ஸாலிக் அமிலம். அது கால்சியத்தோடு சேர்ந்து ஊசி ஊசியான படிகமாகிச் சிறுநீரகத்தில் படியும். முதல் சில மணி நேரம் குடித்தவர் போலத் தள்ளாட்டம், குழறல், வாந்தி. குழந்தை தூங்கி வழிவதாக நினைப்போம். பிறகு மூச்சு வாங்கும், இதயம் தடுமாறும். ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் சிறுநீர் நின்றுபோகலாம். நடுவில் 'தேறிட்டான்' என்று தோன்றுகிற நேரமும் வரலாம். அதை நம்பி வீட்டில் உட்காராதீர்கள்.

12/ குடித்துவிட்டால், அல்லது குடித்திருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலே:
• 108-ஐக் கூப்பிடுங்கள். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.
• விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள்.
• அந்தக் கேனைக் கையோடு கொண்டு வாருங்கள். லேபிள்தான் எங்களுக்கு வழிகாட்டி.
• இதற்கு மாற்றுமருந்து உண்டு. டயாலிசிஸ் உண்டு. சீக்கிரம் வந்தால் காப்பாற்ற முடியும்.
ஒரு எச்சரிக்கை: மருத்துவமனையில் சில சமயம் எத்தனாலையே மாற்றுமருந்தாகக் கொடுப்போம். அதைக் கேள்விப்பட்டு வீட்டில் யாரும் சாராயம் கொடுக்கக் கூடாது. அது ரத்தப் பரிசோதனை பார்த்து அளந்து கொடுப்பது.

13/ "அப்ப வெளிநாட்டுக்காரன் என்ன ஊத்துறான்?" அது புரொப்பிலீன் கிளைக்கால். பெயர் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், குணம் வேறு. உணவிலும் மருந்திலும்கூடச் சேர்க்கிறார்கள். உடம்பு அதைப் பெரும்பாலும் லாக்டிக் அமிலமாக்கிச் சமாளித்துவிடும். அதையும் அவர்கள் குடிப்பதற்கு ஊற்றுவதில்லை. வண்டியைக் குளிர்காலம் முழுக்க நிறுத்தும்போது குழாயில் விட்டு வைப்பார்கள். வசந்தம் வந்ததும் பல முறை அலசி வெளியேற்றுவார்கள். நிறத்தை வைத்து எது எது என்று முடிவு செய்யாதீர்கள். நிறம் கம்பெனி கலக்குகிற சாயம்.

14/ இந்த அண்ணன் தம்பிக் குழப்பம் சின்ன விஷயமில்லை. 1937-இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு மருந்தை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்றதில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த வருடமே அங்கே மருந்துச் சட்டம் கடுமையானது. 2022-இல் காம்பியா குழந்தைகள். 2025-இல் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்து. அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்ததாக நம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனை சொன்னது. மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். புரொப்பிலீன் கிளைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் அதன் விஷச் சொந்தக்காரன் வந்து உட்கார்ந்தால் இதுதான் நடக்கும்.

15/ சரி, ஊட்டிக்கு என்னதான் செய்வது? எதையும் ஊற்ற வேண்டாம். தண்ணீரை இறக்கிவிடுங்கள். குழாயில் தண்ணீரே இல்லையென்றால் உறைய என்ன இருக்கிறது?
• ஹீட்டர் இருந்தால் அணைத்து ஆறவிட்டு வடியுங்கள். சுடுதண்ணீர் கொட்டிக் கை வெந்து வருகிறவர்களை நான் பார்க்கிறேன்.
• டேங்கின் அடி வால்வைத் திறந்து முழுக்க வடியுங்கள்.
• எல்லாக் குழாயையும், சூடு பக்கம் குளிர் பக்கம் இரண்டையும், திறந்து வையுங்கள். ஷவர் ஹோஸைக் கீழே தொங்கவிடுங்கள்.
• பம்பைச் சில நொடி ஓட்டி மிச்சத்தைத் துப்பவிட்டு அணையுங்கள்.
• ஃபில்டர் கூட்டைக் கழற்றிக் கொட்டிவிட்டு உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.
• இரவுக்கு இரண்டு கேன் தண்ணீர் வண்டிக்குள், படுக்கை பக்கம். அது போதும்.
காலையில் குழாய் உறைந்திருந்தால் வெந்நீரில் நனைத்த துணி சுற்றுங்கள். நெருப்பு காட்டாதீர்கள்.

16/ இன்னொன்று. தண்ணீர் உறையாமல் இருக்க வண்டிக்குள் சூடு வேண்டும் என்று கரி அடுப்போ, காஸ் அடுப்போ எரியவிட்டுக் கதவைச் சாத்திப் படுக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கு மேல் பிடிப்போடு ஒட்டும். தூக்கத்திலேயே முடிந்துவிடும். குழாய் உடைந்தால் சில ஆயிரம் ரூபாயில் மாற்றிவிடலாம்.

17/ அன்று சாயங்காலம் ஆறு கேனையும் கட்டி என் கார் டிக்கியில் போட்டுக்கொண்டேன். கீழே இறங்கியதும், கடைக்காரர் சீல் உடையாததால் திருப்பி எடுத்துக்கொண்டார். அவர்கள் ஊட்டி போனார்கள். இரவு தண்ணீரை இறக்கிவிட்டுத் தூங்கினார்கள். காலையில் பாப்பா புல்லின் மேல் இருந்த வெள்ளையைச் சுரண்டி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிற்கிற போட்டோ வந்தது.

18/ உங்களில் பலரிடம் வேன் வீடு இருக்காது. ஆனால் கூலன்ட், பிரேக் ஆயில், மண்ணெண்ணெய், ஆசிட் ஏதாவது ஒன்று பழைய ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வீட்டில் இருக்கும். இன்றே போய்ப் பாருங்கள். அது வந்த டப்பாவிலேயே, பூட்டிய அலமாரியில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

19/ எனக்கு நானே சொல்லிக்கொள்வது ஒன்று உண்டு. ஓ.பி. நடுவில் போனில் யார் எதைக் கேட்டாலும், முழுசாகச் சொல்ல நேரமில்லை என்றால், "சாயங்காலம் கூப்பிடு" என்று சொல்லி வைத்துவிட வேண்டும். பாதிப் பதில் சொல்லக் கூடாது. உங்கள் டாக்டர் நண்பரும் அப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி இருந்தால் கீழே கேளுங்கள். டூட்டி முடிந்து முழுசாகப் பதில் சொல்கிறேன்.