தெரிவு வரிசை
மகள் டொக்டராகப் போகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தார் வாப்பா. என் இசட் புள்ளியும் எங்கள் மாவட்டத்தின் கடந்த வருட வைத்தியபீட வெட்டுப்புள்ளியைத் தாண்டியிருந்தது. ஆனாலும் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் வைத்தியத்தைக் கீழிறக்கி, விவசாயத்தை முதல் தெரிவாக இட்டேன்.

"ஏன் மகள்?" வாப்பா அவ்வளவுதான் கேட்டார்.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டது. அந்தப் பெரும்போகத்தில் எங்கள் வயல் மஞ்சளித்தது. வாப்பா ஒரு நெற்பயிரைப் பிடுங்கிக் கையில் வைத்தபடி வரம்பில் நின்றார். நைதரசன் குறைந்தால் மூத்த இலைதான் முதலில் மஞ்சளிக்கும் என்று உயிரியலில் படித்தபோது, அந்தப் பயிர்தான் கண்ணுக்குள் வந்தது.

இதைச் சொன்னேன். வாப்பா பேசாமல் விண்ணப்பத்தை வாங்கி, இன்னொரு தடவை வாசித்தார்.

"பேராதனைக்கு இங்கிருந்து நேரா பஸ் இருக்கா?" என்றார்.

உம்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.