பிரசவ லேகியமும் பயண இன்ஷூரன்ஸும்

மகளுக்குப் பிரசவம் பார்க்க அமெரிக்கா போகிறேன் என்று சொன்னால் போதும், அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு பட்டியல் தருவார்கள். லேகியம், வசம்பு, சுக்கு, குழந்தைக்குப் பழைய வேட்டித் துணி... எல்லாம் வேண்டியதுதான். ஆனால் எனக்கு வந்த பட்டியல் ஒன்றிலும் பயண இன்ஷூரன்ஸ் இல்லை. "அதெல்லாம் டிக்கெட்டோட சேர்த்துப் போட்டுடுவாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

ஐரோப்பாவில் ஷெங்கன் நாடுகளுக்குச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் தப்ப முடியாது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்டினால்தான் விசா. அமெரிக்க விசிட்டர் விசாவுக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. ஆனால் வைத்தியச் செலவு மலையாக இருப்பது அங்கேதான். என்ன விசித்திரமோ!

என் கணவருக்கு வயது 66. பத்து வருஷமாகச் சர்க்கரை. 2019-ல் இருதயக் குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். பாலிசி எழுத வந்த ஏஜெண்டு, ஃபாரத்தை நீட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, ஸ்டென்ட் விஷயத்தை எழுத வேண்டாம். எழுதினா பிரீமியம் ஏறும், மெடிக்கல் டெஸ்ட் கேப்பாங்க. அங்க யாருக்குத் தெரியப் போகுது?"

இவர் தலையை ஆட்டினார். பணம் மிச்சமாகும் என்றால் எங்கள் வீட்டில் தலை தானாக ஆடும்.

"ஏங்க, அங்க டாக்டர் கேக்கற முதல் கேள்வியே அதுவாத்தானே இருக்கும்? ஆபரேஷன் ஏதாவது ஆச்சான்னு கேட்டா, இல்லேன்னு பொய் சொல்லிட்டுப் படுத்திருப்பீங்களா?" என்றேன்.

இவர் பதில் சொல்லவில்லை. ஏஜெண்டுதான் பேனாவைத் திறந்தார். சர்க்கரை, ஸ்டென்ட், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம் ஃபாரத்தில் ஏறின. ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனைக்கு ஒரு நாள் அலைந்தோம். பிரீமியமும் கூடித்தான் போயிற்று. இரண்டு நாள் இவர் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அதற்குள் நான் இரண்டு கம்பெனி பாலிசிகளை வாங்கிச் சாப்பாட்டு மேஜையில் பரப்பிக்கொண்டேன். முதல் பக்கத்தில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். பெட்டி தொலைந்தால் இவ்வளவு, விமானம் தாமதமானால் இவ்வளவு என்று. அதை விடுங்கள், பெட்டி போனால் புடவைதான் போகும். கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் உள்ள 'எதற்கெல்லாம் கிடையாது' என்ற பகுதியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டும்.

விலை குறைந்த பாலிசியில் 50,000 டாலர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே போனால், 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அறை வாடகைக்கு நாளொன்றுக்கு இவ்வளவு, சர்ஜனுக்கு இவ்வளவு, ஸ்கேனுக்கு இவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் கடிவாளம். மொத்தத் தொகை எத்தனை பெரிதானால் என்ன, கை அவ்வளவு தூரம் எட்டாது. மற்றதில் அந்தக் கடிவாளம் இல்லை, ஒரு லட்சம் டாலர் வரை உண்டு. ஒவ்வொரு வியாதிக்கும் முதல் 100 டாலர் நாம் கொடுக்க வேண்டும். இதைத்தான் டிடக்டிபிள் என்கிறார்கள். ஏற்கெனவே உள்ள வியாதிக்கு உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும், அதுவும் ஓர் அளவுவரை தருவார்கள். இரண்டாவதையே எடுத்தோம்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான பயண பாலிசிகளில் கர்ப்பம், பிரசவச் செலவு சேராது. கர்ப்பமாக இருக்கும்போது பயணம் என்றால் அந்த வரியைத் தேடிப் படித்த பிறகே டிக்கெட் எடுங்கள்.

2024 ஜனவரியில் நியூ ஜெர்சி போய்ச் சேர்ந்தோம். பேத்தி பிறந்து பன்னிரண்டாம் நாள் இவருக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் மூச்சு இரைத்தது. மகள் பச்சை உடம்புக்காரி, எழுந்து நிற்கவே தடுமாறுகிறாள். மாப்பிள்ளை 911-க்குப் போன் செய்தார். நுரையீரலில் சளி கட்டி நிமோனியா ஆகிவிட்டிருந்தது. நாலு நாள் ஆஸ்பத்திரி வாசம்.

நான் சொன்னபடியே, அந்த டாக்டரம்மா முதலில் கேட்டது பழைய வியாதிகளைத்தான். இவர் ஸ்டென்ட் வைத்த மாதத்தைக்கூடச் சொன்னார். அது அப்படியே ஆஸ்பத்திரிக் காகிதத்தில் ஏறியது. மாப்பிள்ளை பாலிசியில் இருந்த நம்பருக்கு அன்றைக்கே தகவல் சொல்லிவிட்டார். கம்பெனிக்காரர்கள் அந்தக் காகிதத்தை வாங்கி, நாங்கள் கொடுத்த ஃபாரத்தோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒன்றாக இருந்தன. நிமோனியாவுக்கும் ஸ்டென்டுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். க்ளெய்ம் நின்றது.

பில்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊர் மாதிரி புறப்படும்போது ஒரே பில் கையில் வராது. ஆஸ்பத்திரி தனி, டாக்டர் தனி, எக்ஸ்ரே பார்த்துச் சொன்னவர் தனி, ஆம்புலன்ஸ் தனி என்று தபாலில் ஒவ்வொன்றாக வரும். மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தபோது, எங்கள் வீடு கட்டிய கணக்கு நினைவுக்கு வந்தது. மாப்பிள்ளை ஒவ்வொன்றையும் நகலெடுத்து அனுப்பினார். எங்கள் கையை விட்டுப் போனது 100 டாலர்.

ஆம்புலன்ஸ் பில்தான் கடைசியாக வந்தது. நாங்கள் ஊர் திரும்பிய பிறகு, பேத்தி தவழத் தொடங்கிய வாரத்தில். மகள் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். ஓரத்தில் பிள்ளையின் கை தெரிந்தது. இவர் அதைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, பிள்ளையின் கையை மட்டும் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.