தேயிலைக்கு நடுவே ஒரு கோயில்

கேமரன் மலைக்குப் போனால் ஸ்ட்ராபெரி பறிக்கிறோம், தேயிலைச் சரிவில் நின்று படம் எடுக்கிறோம், சுடச்சுடத் தேநீர் குடித்துவிட்டு இறங்கிவிடுகிறோம். அடுத்த முறை அந்தப் பச்சைக்கு நடுவே தெரியும் சிறு கோயில்களையும் கொஞ்சம் கவனியுங்கள். நம்மவர்கள் இங்கே ஓர் ஊரை உருவாக்கிய கதை அங்கேதான் இருக்கிறது.

இந்த மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆனால் பழைய பாதை பேராக்கின் தாப்பாவிலிருந்துதான் வளைந்து வளைந்து ஏறுகிறது. 1885இல் இங்கு வந்த நில அளவையாளர் வில்லியம் கேமரனின் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் வந்தது. காட்டை அழித்து, சரிவுகளில் கன்று நட்டு, கொழுந்து பறித்ததில் தமிழர்களின் பங்கு பெரிது.

வெவ்வேறு கிராமங்களிலிருந்து வந்தவர்கள் ஒரே லயத்தில் குடியிருந்தார்கள். விடியற்காலைப் பெரட்டில் அவர்களை ஒன்றுசேர்த்தது வேலை. மாலையில் ஒன்றுசேர்த்தது கோயில். கல்யாணப் பேச்சு, பஞ்சாயத்து, திருவிழாக் கூட்டம் எல்லாம் அந்த வாசலில்தான். 1938இல் மலாயாவுக்குத் தொழிலாளர்களை அனுப்புவதை இந்தியா நிறுத்தியபோது, ஊரிலிருந்து புதிதாக ஆள் வருவது குறைந்தது. இருந்தவர்களுக்குத் தோட்டமே சொந்த ஊரானது.

இன்று இருவர் சேர்ந்து பிடிக்கும் இயந்திரம் பல கைகளின் வேலையைச் செய்கிறது. வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களும் கொழுந்து எடுக்கிறார்கள். தோட்டப் பிள்ளைகள் படித்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். அது நல்லதுதான். ஆனால் லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை முடிந்தால் வீட்டையும் விட வேண்டும். பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போக முடியாத குடும்பத்துக்கு, "இதுதான் எங்கள் ஊர்" என்று பிள்ளைகளிடம் காட்ட மிஞ்சுவது பெரும்பாலும் அந்தக் கோயில் மட்டுமே.

பிரிஞ்சாங்கில் தெண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. அங்கே வழிபட்டுவிட்டுத் தோட்டப் பக்கம் போகலாம். தோட்டக் கோயிலுக்குப் போவதென்றால் உள்ளூர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டு போங்கள். அது அவர்களின் குடியிருப்பு. உங்கள் வீட்டில் தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டி இருந்தால், எந்தத் தோட்டம், எந்தக் கோயில் என்று இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த விடுமுறைக்கு அவர்களையும் காரில் ஏற்றிக்கொள்ளுங்கள்.